கலைக்காத கூடு

சிங்கப்பெருமாள் கோவில் ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருந்த தெருவில் மரகதம் நுழைந்தபோது, யாரிடமும் வழி கேட்காமலே அந்தத் தோட்டம் கண்ணில் பட்டது. கத்திரிச் செடிகளைச் சுற்றித் துலுக்கச் சாமந்தி. ஓரத்தில் பறிக்காமல் பூக்கவிட்ட கொத்தமல்லி, அதன்மேல் தேனீக்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வட்டாரத்தில் இப்படிப் பயிர் வைக்கிற கிறுக்கி அவள் ஒருத்திதான்.

ஐ.ஆர். எட்டு நெல் வந்த பிறகு அவள் ஊரான ஒரகடத்தில் எல்லாரும் பூச்சிப் பவுடரைத் திருநீறு மாதிரித் தூவிக்கொண்டிருக்க, மரகதம் மட்டும் கொல்லையில் பூச்சிகளுக்கு விருந்து வைத்தாள். பூ இருந்தால் தேனீ வரும், பொறிவண்டு வந்து அசுவினிப் பூச்சியைத் தின்னும். குளவிக்கு அவள் வீட்டு வாசல் நிலைக்கு மேலேயே இடம். அது இலைப்புழுவைத் தூக்கிப்போய் மண்கூட்டுக்குள் அடைப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஊர்ப் பெண்களுக்கு வேறு கணக்கு. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும், கலைத்தால் பாவம்.

"இன்னா மரகதம், கூடு மட்டும் கட்டிக்கினே கீது," என்று கிணற்றடியில் வம்புக்கு இழுப்பார்கள். புழுவுக்காகத்தான் என்பாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி அவள் புருஷன் ரகுபதிக்குத் தெரியும். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதுகூட அந்தக் கூட்டை ஒதுக்கிவிட்டுத்தான் அடிப்பான். அந்த ஒன்றுக்காகவே அவனுடைய மற்ற குறைகளையெல்லாம் அவள் மன்னித்திருந்தாள்.

"மில்லு மேஸ்திரி வூட்ல நாத்து கேக்குறாங்க," என்று அவன்தான் சாமந்தி நாற்றைச் சைக்கிளில் கட்டி எடுத்துப்போனான். எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். இத்தனை வருஷம் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன் கேட்கிறானே என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. அந்தப் பூரிப்பில்தான் இன்று கொத்தமல்லி விதையையும் முந்தானையில் முடிந்துகொண்டு, அவனிடம் சொல்லாமல் கிளம்பி வந்திருந்தாள்.

படலைத் திறந்ததும் ஒரு சின்னப் பெண் வெளியே வந்தாள். நிறைமாத வயிறு.

"மேஸ்திரி வூடு தானேம்மா?"

"இல்லக்கா, அவங்க வூடு அந்தாண்ட தெரு. எம்பேரு ரத்னா."

"தோட்டம் நல்லாக்கீது. யாரு வெச்சது?"

"எங்க வூட்டுக்காரருதான். மில்லுல மூட்ட தைக்கிறாரு. யாரோ ஒரு அம்மா சொல்லிக் குடுத்தாங்களாம்."

ரகுபதியும் அந்த மில்லில் மூட்டைதான் தைக்கிறான். மரகதம் துணிக்கொடியைப் பார்த்தாள். வெள்ளை நூல் தீர்ந்துபோன அன்று, கிழிந்த தோளில் அவள் பச்சை நூல் போட்டுத் தைத்த அவன் சட்டை அங்கே காய்ந்துகொண்டிருந்தது. அவள் யாரோ ஒரு அம்மா. சட்டையைப் பார்த்தபடியே வாசல் நிலைவரை போனாள்.

"மேல பாத்துக்கா, கூடு கீது," என்று ரத்னா வயிற்றைத் தடவிக்கொண்டாள். "இது தங்கினப்போ கட்னது. கலைக்கவே கூடாதுன்னு சொல்லிக்கீறாரு."

தான் யார் என்பது மரகதத்துக்கு வாய்வரை வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் கொஞ்சம் கள்ளம் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னதற்கு வேண்டாமென்று தலையாட்டிவிட்டு நடந்தாள். விதை முடிச்சு அவிழ்க்காமலே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முக்காலியைப் போட்டு ஏறி, அரிவாள் நுனியால் கூட்டைப் பெயர்த்தாள். மண் உடைந்து உள்ளங்கையில் கொட்டியது. உள்ளே பச்சைப் புழுக்கள். குளவி கொட்டிய புழு சாவதில்லை, எழுந்து ஓடவும் முடியாது, குஞ்சு தின்கிறவரை அப்படியே கிடக்கும். எத்தனையோ தடவை கிணற்றடியில் அவளே சொன்ன சங்கதிதான். விரலால் தொட்டாள். ஒன்று மட்டும் லேசாகச் சுருண்டது.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

"மரகதம், கொஞ்சம் தண்ணி குடு," என்றபடி வந்த ரகுபதி, நிலையை அண்ணாந்து பார்த்தான். பிறகு அவள் கையைப் பார்த்தான். அவள் கையை மூடவில்லை. ஈரமண் உருண்டையோடு திரும்பி வந்த குளவி, இருவர் தலைக்கும் மேலே, கூடு இருந்த வட்டத் தழும்பைச் சுற்றிச் சுற்றி வந்தது.