வெங்காயம் வதங்கும் நேரம்

தையல் ஆலையின் சமையல்காரிக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மேனேஜர் தன் வாயால் அவளிடம் வந்து "பசிக்குது" என்று சொல்ல வேண்டும்.

காரணம், அவளுடைய தங்கை. அதே ஆலையில் காலர் தைத்தவள். காலைக்கென்று கொடுத்த உருப்படிகளைத் தைத்து முடித்தால்தான் சாப்பாட்டு மணி அடிக்கும், அதற்கு முன் யார் தட்டிலும் எதுவும் விழக்கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம். தனக்கும் அதே சட்டம்தான் என்று முதலாளியிடம் மார்தட்டிக்கொள்வான். ஒரு நாள் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனிடம் ஒரு ரொட்டித் துண்டு கேட்டாள். "நடிப்பையெல்லாம் வீட்டுல வச்சுக்க" என்றான். மறுநாள் அவள் இரத்த வாந்தி எடுத்து மிஷின் மேலேயே சாய்ந்தாள். வேலையும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "சமையல் வாசனை மூக்குல ஏறினாலே போதும்மா. மூளை வயித்துக்குச் சொல்லிடும், அமிலம் சுரக்க ஆரம்பிச்சிடும். சாப்பாடு வந்தா அதுல கலந்து செரிக்க வைக்கும். அது குடலுக்கு இறங்கினதும் குடலே போதும்னு சொல்லி நிறுத்தும். சாப்பாடே வரலைன்னா? உள்ள ஏற்கெனவே புண் இருந்தா, அமிலம் அதுலதான் போய் விழும்."

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தையும் வீணாகவில்லை.

சில மாதங்களில் மேனேஜருக்கும் வயிற்றில் புண் என்று ஆலை முழுக்கத் தெரிந்துபோனது. மகாராசனுக்குச் சொந்த வைத்தியம் வேறு. வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கிறானாம். காலையில் பட்டினி கிடந்து, வெறும் வயிற்றில் கடுங்காப்பியாகக் குடித்தான். கேட்கக் கேட்க அவளும் கொடுத்தனுப்பினாள். அவன் சாப்பாட்டில் உப்பைக்கூட அவள் கூட்டிப் போடவில்லை. எதற்கு? அவன் வயிறே அவளுக்காக வேலை பார்க்கும்போது கையை ஏன் கறையாக்கிக்கொள்ள வேண்டும்?

அவன் அறை சமையற்கட்டுக்கு நேர் மேலே. பெண்கள் பக்கம் வாசனை போகாதபடி தையல் கூடத்துக் கதவை இறுகச் சாத்திவிட்டு, அவன் ஜன்னலுக்குக் கீழிருந்த ஜன்னலை விரியத் திறந்தாள். அடுப்பை அதன் ஓரத்துக்கு நகர்த்தினாள். மதியத்துக்கான வெங்காயத்தையும் பூண்டையும் காலையிலேயே, சின்னத் தீயில், அவசரமே இல்லாமல் வதக்கினாள். மேலே நாற்காலி நகரும். ஜன்னல் அடைபடும். புழுக்கம் தாங்காமல் மறுபடி திறக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் ஒரு கிளறு கிளறினாள். மனசு குளிர்ந்தது.

இப்படி நாட்கள் போயின. ஒரு காலை படியில் காலடி கேட்டது. மேனேஜர் கதவைப் பிடித்தபடி நின்றான். முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்வை.

"ஏம்மா, ஒரு ரொட்டித் துண்டு இருந்தா குடு."

"எதுக்கு சார்?"

அவன் பல்லைக் கடித்தான். "பசிக்குது. வயிறு எரியுது."

அந்த வார்த்தையை அவள் காதால் கேட்டுவிட்டாள். ஆனால் ஆசை அடங்கவில்லை, இன்னும் கொழுந்துவிட்டது. கரண்டியால் சுவரைக் காட்டினாள். அங்கே மணியும் அதன் கயிறும் தொங்கின.

"மணிக்கு முன்னால யாருக்கும் கிடையாதே சார். உங்க சட்டம். நான் மீறினா என் தங்கச்சி மாதிரி என்னையும் அனுப்பிடுவீங்க."

அவன் அவளைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். வயிற்றுக்குள் ஏதோ சுருட்டிப் பிடிக்க, குனிந்தபடியே போய் மணியை அடித்தான்.

கூடத்தில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் நம்பாமல் எட்டிப் பார்த்தார்கள். பிறகு தட்டோடு ஓடி வந்தார்கள்.

"அக்கா, நிஜமாவா? இவ்ளோ சீக்கிரமாவா?"

"சார் அடிச்சாரு. எல்லாம் ஆக்கியாச்சு, உட்காந்து நல்லா சாப்பிடுங்க."

மேனேஜர் தட்டை நீட்டினான்.

"வரிசையில வாங்க சார்" என்றாள்.

அவன் கடைசியில் போய் நின்றான். அவன் முறை வந்தபோது அவள் நிறையவே போட்டாள், குறை வைக்கவில்லை. அவன் சாப்பிடுவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். ஜன்னலோரம் தங்கை உட்காரும் இடம் காலியாகவே இருந்தது.

மறுநாள் அவள் இன்னும் சீக்கிரமாகவே வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள்.