ஏப்ரன் பையில் ஒரு போல்ட்

குலுக்கலில் டுவெய்ன் பெயரை வாசித்தபோது தீயணைப்புக் கொட்டகையில் கை தட்டியவர்கள் நான்கே பேர். மற்றவர்கள் எல்லாரும் லியோட்டாவைப் பார்த்தார்கள். அவள் கொதிக்கும் எண்ணெயில் கெளுத்தி மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

மான் வேட்டைக்கு ஒரு வாரம் முன்பு எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படை மதியம் மீன் விருந்து வைத்து, ஒரு துப்பாக்கியைக் குலுக்கலில் விடும். படைத் தலைவர் ஹோமர் தன் பெயரில் அதை வாங்கி, போல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுவரில் மாட்டுவார். கைப்பிடி வைத்த அந்த உருக்குத் துண்டு இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் கட்டை. பிள்ளைகள் ஓடித் திரியும் இடம் என்பதால் போல்ட் படையில் யாராவது ஒருவர் பையில் இருக்கும். இந்த வருடம் அது லியோட்டாவின் ஏப்ரன் பையில் இருந்தது.

டுவெய்ன் அவளுடைய முன்னாள் கணவன். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் தாடையை உடைத்ததற்காகக் கவுன்டி நீதிமன்றம் அவனைத் தண்டித்தது. அப்படித் தண்டனை பெற்றவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது வாஷிங்டனில் மத்திய அரசு போட்ட சட்டம். எங்கள் மிசூரி மாநிலத்தில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. அதற்கும் மேலே, வாஷிங்டனின் துப்பாக்கிச் சட்டத்துக்குத் துணைபோகும் உள்ளூர் போலீஸ் ஐம்பதாயிரம் டாலர் கட்ட நேரிடும் என்று மாநிலம் புதுச் சட்டம் கொண்டுவந்திருந்தது. அது வேண்டும் என்று நீதிமன்றப் படியில் அட்டை பிடித்து நின்றவர்களில் லியோட்டாவும் ஒருத்தி. பக்கத்தில் நின்றவர் கவுன்டி போலீஸுக்குத் தலைவரான ஷெரிஃப் வெர்லின்.

ஹோமர் தயங்கி நிற்க, டுவெய்ன் தானே போய்ச் சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்தான். நேராக அடுப்பருகே வந்தான்.

"போல்ட்டைக் குடு."

"மாட்டேன்."

"ஷெரிஃப், கேட்டீங்களா?"

வெர்லின் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "லியோட்டா, இதுல நான் கை வைக்க முடியாது. வாஷிங்டன் ஆளுக்கு ஒரு போன் போட்டாக்கூட நம்ம ஆபீஸையே வித்துக் கட்டணும்."

"உங்களை யாரு போன் போடச் சொன்னா?"

டுவெய்ன் சிரித்தான். "அட்டை பிடிச்சு நின்னவதானே நீ? 'எங்க துப்பாக்கியத் தொடாதே'ன்னு தொண்டை கிழியக் கத்தினியே."

"இன்னிக்குக் கூப்பிட்டாலும் போய் நிப்பேன். வாஷிங்டன் சொல்லி நான் இதைச் செய்யல. உடைஞ்சது என் தாடை. அதுக்கு நான் யாரைக் கேக்கணும்?"

அவன் ஏப்ரன் பை மீது கையை நீட்டினான். எண்ணெய் சொட்டும் கரண்டி குறுக்கே வந்தது. கையை இழுத்துக்கொண்டான்.

"இது திருட்டு. பரிசு எனக்கு விழுந்திருக்கு. என் பொருளை வெச்சுக்கிட்டுத் தர மாட்டேங்கறா. இதுக்காவது உங்ககிட்ட சட்டம் இருக்கா, ஷெரிஃப்?"

"திருட்டு மாநிலச் சட்டம்தான்," என்றார் வெர்லின், நிதானமாக. "புகார் தர்றியா?"

"தர்றேன்."

"எழுத்துல?"

"எதுல வேணும்னாலும்."

காரிலிருந்து படிவம் வந்தது. மீன் எண்ணெய் பட்ட மேஜையில் வைத்து டுவெய்ன் எழுதிக் கையெழுத்துப் போட்டான். யாரும் சாப்பிடவில்லை.

லியோட்டா அடுப்பை அணைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்து, போல்ட்டை எடுத்து ஷெரிஃப் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு இரண்டு மணிக்கட்டையும் நீட்டினாள்.

"எடுத்தது நான்தான். எதுக்கு எடுத்தேன்னு கோர்ட்ல சொல்லிக்கறேன். மாட்டுங்க."

"விலங்கெல்லாம் வேணாம். முன் சீட்லயே வா." வெர்லின் டுவெய்ன் பக்கம் திரும்பினார். "துப்பாக்கியக் குடு."

"என்னது?"

"களவு போனது எந்தத் துப்பாக்கியோட போல்ட்டுன்னு கோர்ட்டுக்குக் காட்ட வேணாமா? ரெண்டும் சாட்சிப் பொருள். வழக்கு முடியற வரைக்கும் என் ஆபீஸ் பூட்டுக்குள்ள இருக்கும்."

டுவெய்ன் முகம் சிவந்தது. "அப்போ புகாரே வேணாம். வாபஸ்."

"அது என் கையிலயும் இல்ல, உன் கையிலயும் இல்லப்பா. அரசு வக்கீல்தான் முடிவு பண்ணணும். அவரு நேத்தே வேட்டைக் கூடாரத்துக்குக் கிளம்பிட்டார். சீசன் முடிஞ்சுதான் வருவார்."

மூலையில் யாரோ சிரித்தார்கள். டுவெய்ன் சுற்றிப் பார்த்தான். அவனுக்குக் கை தட்டிய நான்கு பேரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஷெரிஃப் நீட்டிய கையில் துப்பாக்கியைப் போட்டான்.

"சீசன் முடியட்டும், லியோட்டா. அப்புறம் பாத்துக்கறேன்."

"வா. நீதிபதி முன்னாடி வந்து பாரு. உடைஞ்ச தாடையோட எக்ஸ்ரே இன்னும் பத்திரமா வெச்சிருக்கேன். அதையும் அந்த போல்ட் பக்கத்துல வெச்சுக் காட்டறேன்."

ஹோமர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "லியோட்டா, வழக்கு இருக்கறவங்க படையில இருக்கக் கூடாதுன்னு நம்ம விதி…"

"தெரியும் ஹோமர். பெயரை அடிச்சுக்கங்க." அவள் ஏப்ரனைக் கழற்றி அவர் தோளில் போட்டாள். "இன்னும் நாப்பது பேருக்கு மீன் பாக்கி. கருக விட்டுடாதீங்க."

வெளியே போய் ஷெரிஃப் காரின் முன் கதவைத் தானே திறந்து உட்கார்ந்தாள்.