முகம் துடைத்த படம்

எங்கள் வீட்டில் படம் கீறுவது இரண்டு பேர் வேலை. உடம்பை என் மனுசன் கீறுவார், முகத்தை நான் கீறுவேன். அவர் மருதமுனையில் சித்திர வாத்தியார். கலியாணம் முடித்த புதிதில் அவர் கீறிய முகங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். எல்லாம் அவித்த முட்டை மாதிரி இருந்தன. "அப்ப நீயே கீறு சுபைறா" என்று தூரிகையைத் தந்துவிட்டார். சனம் முகத்தைத்தான் பார்க்கும், உங்கள் கையையும் காலையும் யார் பார்க்கிறார்கள் என்று நான் சொல்லிக்காட்டாத நாளில்லை.

பள்ளிவாசல் தலைவர் மீராமுகைதீன் ஹாஜியார் இரண்டு தரம் வந்து, "உயிருள்ளதக் கீறாதீங்க. கீறினாலும் முகத்தையாவது விடுங்க" என்றார். எனக்குக் கோபம் மூக்குநுனியில். "முகமில்லாட்டி அநியாயம் ஆருக்கு நடந்ததெண்டு எப்படி ஹாஜியார் தெரியும்?" என்று கேட்டேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

எண்பத்தாறில் பாண்டிருப்பை இராணுவம் சுற்றிவளைத்தபோது எங்கள் பஸ்ஸும் மாட்டிக்கொண்டது. ஒன்பது இளந்தாரிகளை வெயிலில் வரிசையாக முழங்காலில் நிறுத்தியிருந்தார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கக் கொண்டுவந்த, சாக்கால் முகம் மூடிய தலையாட்டி ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டு வந்தான். அவன் தலையாட்டிய மூவரை டிரக்கில் ஏற்றினார்கள். மற்ற ஆறு பேரை விட்டார்கள். ஒரு தரம் பார்த்த முகம் எனக்கு மறக்காது.

நாலு யார் நீளக் கைத்தறித் துணியில் அந்த வரிசையை இரண்டு மாதமாகக் கீறினோம். சனிக்கிழமை கல்முனையில் கண்காட்சி. அனுமதி வேண்டுமே என்று நடத்துபவர்கள் இராணுவ முகாமின் பெரிய அதிகாரியையே அழைத்திருந்தார்கள். அவரும் பார்க்கட்டும் என்று எனக்குப் பெருமைதான்.

வெள்ளிக்கிழமை காலை, பாண்டிருப்பிலிருந்து வழக்கமாகத் தயிர் கொண்டுவரும் சிவக்கொழுந்தக்கா முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த படத்தைக் கண்டு பானையை இறக்கினா.

"இது என்ட மகன் குணமெல்லோ! அப்படியே இருக்கான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ மகனும் அந்த வரிசையில் இருந்தானென்று அப்போதுதான் தெரியும்.

"நாளைக்கு ஆர் பாக்க வாறாங்க?"

சொன்னேன். அவ முகம் வெளிறிப்போனது.

"அண்டைக்கு அந்தச் சாக்குப் போட்டவன் தலையாட்டாததாலதான் என்ட புள்ள வீட்ட வந்தான். பிறகு ரெண்டு தரம் தேடி வந்தாங்க, ஆளத் தெரியாமத் திரும்பிட்டாங்க. இப்ப நீ தலையாட்டுறாயே மகள்."

யாரும் என்னை அப்படி அறைந்ததில்லை.

"குணத்திர முகத்த மட்டும் எடு" என்றார் என் மனுசன்.

"மத்தவங்களுக்கு உம்மா இல்லையா?" என்று கத்தினேன். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைக்கத் தொடங்கினேன். கொண்டுபோன மூவரின் முகத்தையாவது வைத்திருக்க ஆசையாக இருந்தது. அவர்கள் இன்னும் முகாமுக்குள்ளேதான். நான் வைத்தால் அடி அவர்களுக்கு விழும். ஒன்பதையும் துடைத்தேன். அழுதுகொண்டுதான் துடைத்தேன்.

சனிக்கிழமை அதிகாரி படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். ஏன் முகமில்லை என்று கேட்டார்.

"எங்கட மார்க்கத்தில முகம் கீறக் கூடாது சேர்" என்றார் என் மனுசன், கண்ணிமைக்காமல்.

அதிகாரி அடுத்த படத்துக்குப் போனார். பின்னால் நின்ற ஹாஜியார் மண்ணெண்ணெய் தின்ற என் விரல்களைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

மண்டபம் வெறிச்சோடிய பிறகு சிவக்கொழுந்தக்கா வந்தா. வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்து நாலாவது ஆளிடம் நின்றா. முகமில்லாத அந்த உடம்பின் இடது தோளைத் தொட்டா.

"சின்னதிலயிருந்து தயிர்ப்பானை சுமந்து சரிஞ்ச தோள். இவன்தான்." சட்டென்று கையை இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்தா. "ஆரிட்டயும் கதைக்காத மகள்."

அவ போன பிறகு என் மனுசனைப் பார்த்தேன். எட்டு வருடக் கேலிக்கும் சேர்த்து அவர் இப்போது சொல்லிக்காட்டலாம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க கீறின தோளப் பாத்துத்தான் அவ புள்ளயக் கண்டுபிடிச்சா" என்று நானே சொன்னேன்.