ஒரு கையால் ஓட்டும் பஸ்

தொழிற்சாலையில் அவளுக்கு நூலக்கா என்று பெயர். தைத்து முடித்த சட்டை, கால்சட்டை எல்லாம் அவள் மேசைக்கு வந்துதான் பெட்டிக்குள் போகும். காலரைத் திருப்பிப் பார்ப்பாள், தையலை இரண்டு பக்கமும் இழுப்பாள், பட்டனைத் திருகுவாள். எங்கேயாவது ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் பக்கத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தள்ளிவிடுவாள். பதினெட்டு வருஷமாக இதே வேலை என்பதால் வீட்டிலும் கண் சும்மா இருக்காது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, "எல்லாம் சரிதான், இடது காது மட்டும் கொஞ்சம் கீழ இருக்கு" என்று நாலு பேர் முன்னால் சொன்ன புண்ணியவதி அவள். கணக்கு வாத்தியாரான மாப்பிள்ளை அதை இன்றுவரை மறக்கவில்லை. போட்டோ எடுக்கும்போதெல்லாம் தலையைச் சாய்த்துக்கொள்கிறார்.

அந்தத் தங்கைதான் இப்போது பின்னறையில் இடது பக்கமாகப் படுத்துக் கிடக்கிறாள். முப்பதாவது வாரம். நச்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்துக்கொண்டிருந்தது, இரத்தமும் கசிந்தது. "ஏழு வாரம் படுக்கைதான். பாத்ரூமுக்கு மட்டும் எழுந்திரிங்க" என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். முன்பு ஒரு தடவை நாலாம் மாதத்தில் கலைந்துபோன வயிறு அது. இதுவும் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆனால் படுக்க வேண்டியவள் யார்? சின்னவள் பஸ் டிரைவர். காலை நெரிசலில் நாற்பது இருக்கை பஸ்ஸை ஊசிக்குள் நூல் கோர்ப்பது போல நுழைத்து ஓட்டுகிறவள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவளைக் கட்டிலில் போட்டால் கட்டில்தான் ஓடும். மூன்றாம் நாள் எழுந்து அலமாரியை அடுக்கினாள். ஐந்தாம் நாள் ஸ்டூலில் ஏறி மின்விசிறி துடைத்தாள். மாப்பிள்ளை அலறிய அலறலில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

புத்தகம் கொடுத்தால் தூங்கிப்போனாள். சீரியல் போட்டால் மாமியாரைத் திட்டிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். இலவச கேம் நாலைந்து இறக்கிக் கொடுத்தார்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "வைரம் தீர்ந்துவிட்டது, வாங்கு" என்று பிடுங்கல். அவளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறியதுதான் மிச்சம்.

"அக்கா, காசு குடுத்தாவது நல்ல கேமா ஒண்ணு வாங்கிப் போடு. நீ பாத்து எடு. இவர் எடுத்தா வெளங்காது" என்றாள் சின்னவள்.

நூலக்கா வாழ்நாளில் ஒரு கேம் ஆடியதில்லை. ஆனால் நல்லது எது, கெட்டது எது என்று பிரிப்பதுதானே அவள் பிழைப்பு? அன்றைக்கே ஆர்டர் எடுத்துக்கொண்டாள். ஒரு தடவை காசு கட்டினால் அதோடு சரி, உள்ளே போனபிறகு மறுபடி கை நீட்டக் கூடாது. விளம்பரம் கூடவே கூடாது. பின்னறையில் சிக்னல் வராது, அதனால் இணையம் இல்லாமல் ஓட வேண்டும். டேப்லெட்டைத் தூக்கிப் பிடிக்க முடியாது, போன்தான், அதுவும் நெட்டுக்குத்தாக. இடது கை தலையணைக்கு அடியில் போய்விடுவதால் வலது கைக் கட்டைவிரல் ஒன்றால் ஆட முடிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழு வாரம் தாங்க வேண்டும்.

டீ இடைவேளையில், பஸ்ஸில், சாப்பாட்டு மேசையில் என்று எந்நேரமும் போனும் கையுமாக இருந்தாள். உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. இத்தனை வகையா! பழைய ஊரில் துப்புத் துலக்குவது, கம்பிகளை இணைத்துத் தண்ணீர் விடுவது, வெறும் நிறங்களை அடுக்குவது... ஒவ்வொன்றின் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்புறம் நேராகக் கீழே இறங்கி, ஒரு ஸ்டார் கொடுத்தவர்கள் எழுதியதை மட்டும் படித்தாள். ஐந்து ஸ்டார் பக்கமே போகவில்லை. நல்ல சட்டையைப் பார்த்து மேசையில் யாராவது நேரம் கழிப்பார்களா? ஓட்டை எங்கே என்பதுதானே விஷயம்.

ஓட்டை இல்லாத கேம் உலகத்தில் இல்லை. இது பாதியில் நின்றுபோகிறதாம், தள்ளு. இதில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறதாம், தள்ளு. இது மூன்றே மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதாம், அதையும் தள்ளு. பத்து நாளில் நாற்பத்து மூன்று கேம்கள் நிராகரிப்பு.

பொறுத்துப் பார்த்த மாப்பிள்ளை தானே ஒன்றை வாங்கி வந்தார். பிசாசுகளைச் சுடும் விளையாட்டு. முதல் பிசாசு கதவைத் திறந்ததும் சின்னவள் வீல் என்று கத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். வாங்கிய அரை மணியில் அதைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கினார்கள்.

"அண்ணி, ஒரு ஸ்டார் மட்டும் படிச்சா கடவுளுக்கும் ஒரு ஸ்டார்தான் கெடைக்கும். ஏதாவது ஒண்ண எடுங்களேன்!" என்றார் அவர்.

"அவசரப்பட்டு எடுத்ததோட லட்சணத்தத்தான் இப்ப பாத்தோமே" என்றாள் நூலக்கா. மாப்பிள்ளை காதைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை சின்னவள் திரைச்சீலையைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். மறுபடி இரத்தம். டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இங்கயே அட்மிட் பண்ணிடுவேன். அப்பவும் கொழந்தையைக் காப்பாத்த முடியும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

வீட்டுக்குத் திரும்பினார்கள். கட்டிலில் படுத்த சின்னவள், "அக்கா, வேணும்னு பண்ணல. சும்மா கெடந்தா எனக்குப் பைத்தியம் புடிக்குது. அந்தப் பழசெல்லாம் ஞாபகம் வருது. கை தானா எதையாவது தேடிப் போகுது" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நூலக்கா கட்டிலோரம் உட்கார்ந்து போர்வையை இழுத்துவிட்டாள். பத்து நாளை வீணடித்தது தான்தான் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

திங்கட்கிழமை மேசையில் மனமே இல்லை. நிராகரித்த கால்சட்டைகளை மலிவு விலைக்குக் குவித்திருந்த மூலையில் இஸ்திரி போடும் பெண் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். நூலக்காவே அம்பு ஒட்டித் தள்ளிய ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தாள்.

"அது ரெண்டு இஞ்ச் கட்டைடி. போட முடியாது" என்றாள் நூலக்கா.

"என் வீட்டுக்காரரு மூணு இஞ்ச் கட்டைக்கா! கடைல எடுத்தா மடிச்சுத் தைக்கவே நாள் போயிடுது. இது அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்று அவள் சிரித்தாள்.

நூலக்கா கையிலிருந்த சட்டையை அப்படியே வைத்தாள். கட்டை என்று அவள் ஒட்டிய அம்பு ஒரு ஆளுக்குச் சரியான அளவைக் காட்டுகிறது. அப்படியானால் அந்த நாற்பத்து மூன்றில்...

டீ மணி அடித்ததும் போனை எடுத்தாள். தள்ளிய கேம்களின் குறைகளையெல்லாம் மறுபடி படித்தாள், இந்தத் தடவை சின்னவளை மனதில் வைத்துக்கொண்டு. இருபத்தாறாவதில் விரல் நின்றது. பஸ் ஓட்டும் கேம் அது. வேலையை விட்டு ஏங்கிக் கிடக்கிறவளுக்குப் பஸ்ஸையே கொடுப்பதாவது என்று அப்போது ஒரே நொடியில் தள்ளியிருந்தாள்.

ஒரு ஸ்டார்: நாற்பது நிமிஷப் பாதை என்றால் நிஜமாகவே நாற்பது நிமிஷம் ஓட்ட வேண்டியிருக்கிறது. இன்னொன்று: மோத முடியாது, பந்தயம் கிடையாது, ஒன்றுமே நடப்பதில்லை. வேறொருவர்: கட்டைவிரலை எடுத்தால் பஸ் ஓரமாக நின்றுவிடுகிறது, ஐந்து நிமிஷம் நின்றால் பயணிகள் ஒவ்வொருவராக இறங்கிப் போய்விடுகிறார்கள். கடைசியாக ஒரு மகராசன் வயிறு எரிந்து எழுதியிருந்தார்: இதை ஆரம்பித்தால் படுத்த இடத்தை விட்டு எழவே முடிவதில்லை, என் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது.

நூலக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். பதினெட்டு வருஷத்தில் அந்த அறையில் அவள் சிரித்து யாரும் கேட்டதில்லை. அங்கேயே காசு கட்டினாள். அவசரத்தில் கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீடுவரை ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"பஸ்ஸா? ஏன்க்கா, வெந்த புண்ணுல வேல் பாய்ச்சுறியா?" என்றாள் சின்னவள்.

"ஒரு ஸ்டாப். ஒரே ஒரு ஸ்டாப் ஓட்டிட்டுத் தூக்கிப் போடு."

சின்னவள் வேண்டாவெறுப்பாகக் கட்டைவிரலை வைத்தாள். ஒரு சின்ன நீல பஸ் கிளம்பியது. "கண்ணாடியப் பாரு, ஓட்டத் தெரியாதவன் எவனோ வச்சிருக்கான்... பிரேக் லேட்டா புடிக்குது... இந்த வளைவுல எவனாவது இப்படி ரோடு போடுவானா?" என்று வைதுகொண்டே போனாள். பிறகு வசவு நின்றது. நிறுத்தத்தில் ஒரு குடைக்காரர் இறங்கினார், அவர் தலைக்கு மேல் 'நன்றி, டிரைவர்' என்று ஒரு சின்னக் கட்டம் வந்தது. சின்னவள் அடுத்த நிறுத்தத்துக்கு வண்டியை எடுத்தாள்.

இருபது நிமிஷம் கழித்து மாப்பிள்ளை தண்ணீரோடு எட்டிப் பார்த்தார். "ஷ்ஷ்! பள்ளிக்கூடத்து ஸ்டாப் வருது. பேசாதீங்க" என்றாள் மனைவி, கண்ணை எடுக்காமல். கதவுக்கு வெளியே நூலக்காவும் மாப்பிள்ளையும் கூடத்தில் நின்று, சத்தம் வராமல் குதித்தார்கள். உண்மையாகவே குதித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம், இரண்டு வாரம், நாலு வாரம் என்று நாள் ஓடியது. பயணிகளை நடுவழியில் விட்டுவிட்டு எழுந்து போவது சின்னவள் ரத்தத்திலேயே இல்லை. திரைச்சீலையில் தூசி படிந்தது, அலமாரி தாறுமாறாகக் கிடந்தது, அவள் அசையவில்லை. சாப்பிடும்போது, "நம்ம குடைக்காரரு ரெண்டு நாளா வரல, ஒடம்பு சரியில்லையோ என்னவோ" என்று கவலைப்பட்டாள். அவர் கேமில் வருகிற ஆள் என்பது தெரியாத மாப்பிள்ளை, "பாத்துட்டு வரட்டுமா?" என்றார்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு மூன்று நாள் முன்பு, ஞாயிறு காலை, சின்னவள் கடைசிப் பாதையை ஆரம்பித்தாள். இரண்டரை மணி நேரம், பதினேழு பயணிகள். நாற்பதாவது நிமிஷத்தில், "அக்கா" என்றாள். குரலே சரியில்லை. விரிப்பு நனைந்து சிவந்திருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தவள் போனை நீட்டினாள். "பஸ் ஓடிட்டு இருக்கு. ஒருத்தரையும் விட்டுடாதக்கா."

நூலக்கா கட்டைவிரலை வைத்தாள். ஆம்புலன்ஸிலும் எடுக்கவில்லை. ஆபரேஷன் அறைக் கதவு மூடிய பிறகும் எடுக்கவில்லை.

"அண்ணி, இந்த நேரத்துலயும் கேமா?" மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது.

"வாக்குக் குடுத்திருக்கேன் மாப்பிள்ள. இத விட்டா அதுவும் போயிடும்னு பயமா இருக்கு." சொன்ன பிறகுதான் எவ்வளவு பயந்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. பென்ச்சில் உட்கார்ந்து ஓட்டினாள். வளைவில் மெதுவாகத் திருப்பினாள், மஞ்சள் விளக்குக்கு நின்றாள். பதினொரு பேர் இறங்கினார்கள். பதினாலு ஆயிற்று.

கதவு திறந்தது. "பொண்ணு! அம்மாவும் நல்லா இருக்காங்க. யாரு வாங்கிக்கிறீங்க?" என்று நர்ஸ் வெளியே வந்தாள். மாப்பிள்ளை சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து நின்றது நூலக்கா ஒருத்திதான்.

இடது கையை நீட்டினாள். துணியில் சுற்றிய சின்ன மூட்டை முழங்கையில் வந்து அமர்ந்தது. வலது கட்டைவிரல் பஸ்ஸிலேயே இருந்தது. ஒரு கையால் ஆடத் தோதான கேம் என்றுதானே தேடித் தேடி எடுத்தாள்.

"எப்படி இருக்கா அண்ணி? சொல்லுங்க அண்ணி" என்றார் மாப்பிள்ளை தரையிலிருந்து.

நூலக்கா பழக்கதோஷத்தில் குழந்தையை நெற்றியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். புருவம், மூக்கு, பத்து விரல். "இடது காது கொஞ்சம் கீழ இருக்கு" என்றாள். சொல்லிவிட்டுப் பொலபொலவென்று அழுதாள். மாப்பிள்ளை இரண்டு கையாலும் தன் காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சின்னவளைத் தள்ளிக்கொண்டு வரும்போது நீல பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்றிருந்தது. குடைக்காரர்தான் கடைசியாக இறங்கினார். சின்னவளுக்குக் கண் பாதிதான் திறந்தது, நாக்குக் குழறியது.

"எல்லாரும் எறங்கிட்டாங்களா?"

நூலக்கா போனைப் பைக்குள் போட்டாள். இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்கித் தங்கையின் கன்னத்தோடு ஒட்ட வைத்தாள்.

"பதினேழு பேரும் எறங்கிட்டாங்கடி. இவளோட சேத்து பதினெட்டு."