துரோகிக்குப் பதிலாக ஒருவர்

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் படப்பிடிப்பு. காலையிலேயே செல்வின் முகம் வெளிறி ஆக்ஸிலியாவிடம் ஓடிவந்தான்.

"அக்கா, என் போட்டோவுக்கு பிரேம் போட்டாச்சு. மாலையும் வாங்கிட்டாங்க."

சீரியல்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். யார் படத்துக்கு மாலை வருகிறதோ, அந்தப் பாத்திரம் சாகப்போகிறது. வசனம் எழுதுகிற ஆக்ஸிலியாவுக்கே இன்னும் சொல்லவில்லை, பூக்காரருக்குச் சொல்லியாயிற்று.

செல்வின் தாண்டிக்குடியில் ஜீப் ஓட்டியவன். இந்த மாயக்கதைத் தொடரில், மலைநாட்டு ராஜாவை எதிரியிடம் காட்டிக்கொடுக்கும் தம்பி அவன்தான். நன்றாக நடித்ததுதான் வம்பாகப் போயிற்று.

"சாகுறது பெருசில்லக்கா. எங்கம்மா தெருவுல நடந்தா, துரோகியப் பெத்தவ வர்றாங்கிறாங்க. இப்படியே செத்தா கடைசி வரைக்கும் துரோகிதான். மன்னிப்பு கெடைக்க வழியே இல்லையா?"

மிஷன் பள்ளி நூலகத்தில், எழுத்துக்கூட்டி ஆக்ஸிலியா படித்த பழைய கிறிஸ்தவ மாயக்கதைகள் எத்தனை! இந்தத் தொடரின் பனிக்காடும் பேசும் மிருகங்களும் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் அந்தக் கதைகளில் காட்டிக்கொடுத்தவனைக் கொன்று முடிக்க மாட்டார்கள். அவனுக்குப் பதிலாக இன்னொருவர் போய் நிற்பார். பனியை எடுத்துக்கொண்டோம், அதை விட்டுவிட்டோமே என்று அவளுக்கு உறைத்தது.

நேரே இயக்குநர் சண்முகராஜிடம் போனாள்.

"தம்பிக்குப் பதிலா ராஜா சாகட்டும் சார்."

"ராஜா செத்தா சீரியலும் சேந்துல்ல சாகும்! சேனல்காரன் என்னைய இந்த மலையில இருந்தே உருட்டி விட்ருவான்மா."

"திரும்ப எந்திரிச்சு வருவாரு சார். மூணாம் நாள்."

அவர் விரல் விட்டு எண்ணினார். "வெள்ளிக்கிழமை சாகுறாரு. சனி, ஞாயிறு நமக்கு ஒளிபரப்பு கெடையாது. திங்கக்கிழமை..." சட்டென நிமிர்ந்தார். "ஊரே டிவி முன்னால உக்காருமே! எங்கம்மா புடிச்ச இத?"

"ரொம்பப் பழசு சார். பைபிள்ல ஞாயித்துக்கிழமையே எந்திரிச்சிருவாரு, நமக்கு ஒரு நாள் தள்ளிப்போகுது, அவ்வளவுதான்."

ராஜாவாக நடிக்கும் மலைச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார். "மூணு வருசமா நின்னுக்கிட்டே பேசுறேன். ஒரு வெள்ளிக்கிழமையாச்சும் படுத்துக்கிறேன் தாயி."

திங்கட்கிழமைக்கான காட்சிதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. மன்னிப்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினாள், கிழித்தாள். கடைசியில் ஒரே ஒரு வரிதான் நின்றது.

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை வேணாமா? சனங்களுக்குப் புரியணும்லம்மா" என்றார் சண்முகராஜ்.

"புரியும் சார்."

மூடுபனிக்குள்ளிருந்து மலைச்சாமி நடந்துவந்தார். காலில் விழுந்து கிடந்த செல்வினைத் தூக்கி நிறுத்தினார். "பசியோட இருக்கியா? வா, சாப்பிடலாம்."

செல்வினுக்கும் ஒரு வசனம் இருந்தது. அதை விட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினான். சண்முகராஜ் கட் சொல்ல மறந்து நின்றார்.

ஒளிபரப்பான மறுநாள் காலை செல்வினிடமிருந்து போன்.

"அக்கா, பக்கத்து வீட்டு குப்பம்மாள் வெள்ளனே தூக்குச்சட்டியில கறிக்கொழம்பு கொண்டாந்து அம்மாகிட்ட குடுத்துச்சாம். 'டிவியில பாத்தேன், ஒம் மகன் ரொம்ப வாடிப் போயிட்டான்டி, வெரசா குடு'ன்னு சொல்லுச்சாம். நான் இங்க கொடைக்கானல்ல இருக்கேன்னு அம்மா எவ்வளவோ சொல்லியும் கேக்கலையாம்!"