இருளம்மாள் கொடுத்தது

செத்துக் கிடந்த புருசனின் தலைமாட்டில், உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு குனிந்தாள் வீரலட்சுமி. அதற்குள் அவனுடைய அத்தை மாயக்காள் தடுத்துவிட்டாள்.

"இரு தாயி. மொதல்ல இருளம்மா வைக்கட்டும். உசுரு குடுத்தவ."

ஆமாம், உசுரு குடுத்தவள். ஐந்து வருசமாக இதையே கேட்டு வீரலட்சுமிக்குக் காது புளித்துவிட்டது. குரங்கணி மலைக்கு ஜீப்பு ஓட்டிய அருள்பாண்டிக்கு இரண்டு கிட்னியும் போனபோது, தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொல்லி முதலில் நின்றவள் வீரலட்சுமிதான். அவள் ரத்தம் சேரவில்லை. அவனுடைய அக்கா இருளம்மாளுடையது சேர்ந்தது. அன்றிலிருந்து குழம்பில் நல்ல மீன் துண்டு அக்காவுக்கு, தீபாவளிக்கு முதல் சேலை அக்காவுக்கு. படுக்கையில் புரளும்போதுகூட அக்காவின் கிட்னி வைத்த பக்கம் அழுந்தாமல் பார்த்துக்கொள்வான். கட்டிலில் மூன்றாவதாக ஓர் ஆள் படுத்திருப்பது மாதிரி இருக்கும் அவளுக்கு. வயிறு எரியும். நேரம் தவறாமல் மாத்திரை கொடுத்ததும் மூத்திரத்தை அளந்து எழுதியதும் அவள்தானே. அதை எவள் பேசினாள்?

இருளம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவில்லை. வீரலட்சுமியை ஒட்டி உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினாள்.

"போன மாசம் மதுரையில டாக்டர் ஒங்கிட்டத் தனியாப் பேசுனாருல்ல? நான் குடுத்ததுலதான் பழுதா? ஏலக்காட்டுப் பூச்சி மருந்து நாத்தத்துலயே கெடந்த ஒடம்பு இது. அதான் கெட்டுப்போச்சா?"

டாக்டர் சொன்னது வீரலட்சுமிக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. 'அவங்க குடுத்தது நல்ல கிட்னிம்மா. இவர் உடம்பே இவர் கிட்னியைத் தாக்குற நோய். பழசை அழிச்ச அதே நோய் திரும்பி வந்து இதையும் அழிச்சிருச்சு. யார் மேலயும் தப்பில்ல.'

சொன்னால் இவள் நிமிர்ந்துவிடுவாள். இழவு வீடு முழுக்க மறுபடியும் இவள் பேச்சாகத்தான் இருக்கும்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல மதினி" என்றாள்.

இருளம்மாள் தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"அவளே வைக்கட்டும் அத்தே. நான் தொட வேணாம்."

பந்தலை விட்டு வெளியே போய்விட்டாள்.

வீரலட்சுமி முதல் ஆளாக எண்ணெய் வைத்தாள். சீயக்காயை எடுத்துத் தேய்த்தாள். தெருவில் நின்ற ஜீப்புகளுக்கு நடுவே, வெயிலில், இருளம்மாள் தன் இடது விலாவுக்குக் கீழே சேலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தபடி நிற்பது தெரிந்தது.

"போதும் தாயி. அடுத்தவுக வைக்கணும்ல" என்றாள் மாயக்காள்.

வீரலட்சுமி கையை எடுக்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.