கத்திக்காரரின் குரல்

ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, கத்திக்காரரின் மனைவி போனை இறுகப் பிடித்திருந்தாள். ஸ்பீக்கரில் அவள் புருஷன் முழங்கிக்கொண்டிருந்தார்.

“வெச்சிடாதீங்க! இதோ, உங்களுக்காகவே ஒருத்தர் ஓடி வந்துகிட்டிருக்கார்!”

டிவியில் பொருள் விற்கும் கம்பெனியின் லைனில் காத்திருப்பவர்களுக்காக எப்போதோ பதிவு செய்த குரல். கட்டிலில் கிடந்த அவருக்கோ வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. தொண்டையில் கட்டி. டிவியில் தக்காளியையும் தகரத்தையும் ஒரே கத்தியால் அறுத்துக் காட்டிய மனிதர். விற்றது கத்தி, விற்றதும் கத்திக் கத்தித்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. வார்டு நர்ஸ் வீட்டில்கூட அந்தக் கத்திதான் காய் நறுக்குகிறதாம்.

கம்பெனிக்காரர்கள் “எங்க ஆள்தான்” என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊழியர் காப்பீட்டில் ஆபரேஷன் நடந்துவிடும். இல்லையென்றால் மத்தியானத்துக்குள் கட்டிலைக் காலி செய்தாக வேண்டும்.

லைனில் ஒரு பெண் வந்தாள். “வணக்கம்ங்க, எந்தப் பொருள் வேணும்?”

“பொருள் வேணாம்மா. கத்திக்காரர் சம்சாரம் பேசறேன்.”

“ஐயோ, அக்கா! எங்களுக்கு ட்ரெயினிங்கே சார் வீடியோதான். எங்க மூச்சு விடணும், எங்க நிறுத்தணும், எல்லாம் அவரைப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்.”

மனைவிக்கு உயிர் வந்தது. விஷயத்தைச் சொன்னாள். “பெரியவங்ககிட்டக் கேளும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

மறுபடியும் புருஷனின் முழக்கம். அது நின்றபோது பெண்ணின் குரல் இறங்கியிருந்தது.

“அவர் நம்ம ஆள் இல்லையாம், அக்கா. ஷூட்டிங்குக்கு வந்துட்டுப் போற வெளியாளாம். குரல் மட்டும்தான் கம்பெனியோடதாம்.”

“இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்துனது வெளியாளா?”

அந்தப் பெண் கிசுகிசுப்பாக, “கோச்சுக்காதீங்க அக்கா. வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணை அழுத்திடுங்க. சேவை பிடிச்சுதுன்னு அர்த்தம். அழுத்தலைன்னா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க” என்றாள்.

“நாசமாப் போக!” மனைவி போனை வைக்கப் போனாள். கத்திக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

‘பாவம், அதுவும் கத்தித்தான பொழைக்குது’ என்று உதடு அசைந்தது. அவரே விரலை நீட்டி ஒன்றை அழுத்தினார்.

“அடடா, ரொம்ப நன்றிங்க!” அவர் குரலே வார்டு முழுக்க எதிரொலித்தது. “இனிமே நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர்!”

புது விரிப்போடு வந்த ஆயா, அவர் தலைக்கடியிலிருந்து தலையணையை உருவினாள்.